கார்பன் தாளில் வளர்ந்த இலக்கியம்: சமிஸ்தாத் ஓர் எளிய அறிமுகம்

நாட்டு நிலவரம் மோசமாகும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துவிடும். இந்த நேரத்தில் கதையும் கவிதையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? செய்தி படி, சட்டம் படி, முடிந்தால் தெருவில் இறங்கு, நாவல் எதற்கு? கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பொதுவாகப் பதில் சொல்லப்போனால் "இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும்" என்று பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரி போய் முடியும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அங்கே சில கவிதைகளை வீட்டில் வைத்திருந்தால் வேலை போகலாம், சிறையும் கிடைக்கலாம். அப்படியும் மக்கள் படித்தார்கள். கடையில் கிடைக்காததைத் தாங்களே டைப் அடித்துப் படித்தார்கள். சோவியத் ரஷ்யாவில் இந்தப் பழக்கத்துக்குப் பெயர் சமிஸ்தாத்.

தானே வெளியிடுவது என்று அதற்கு அர்த்தம். சோவியத் யூனியனில் பதிப்பகங்கள் எல்லாம் அரசுடையவை, அல்லது அரசின் கண்பார்வையில் இருந்தவை. 1940களில் நிக்கொலாய் கிளாஸ்கோவ் என்ற கவிஞர் தன் கவிதைகளைத் தானே டைப் அடித்துச் சிறு நூல்களாக்கினார். பதிப்பகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் "நானே எனக்காக வெளியிட்டது" என்று பொருள்படும் பெயர் ஒன்றைக் குறும்பாக அடித்துவைத்தார். அது சுருங்கி, பின்னால் ஒரு பெரும் பழக்கத்துக்கே பெயராகிவிட்டது.

எப்படி நடந்தது?

1922-இல் கிளாவ்லித் என்ற தணிக்கை அலுவலகம் தொடங்கப்பட்டது. நாளிதழ், நாவல், எதுவானாலும் அதன் அனுமதியில்லாமல் அச்சேற முடியாது. அச்சகம் அரசின் கையில். பின்னாளில் நகலெடுக்கும் இயந்திரங்கள் வந்தபோது அவற்றையும் அலுவலக அறைகளில் பூட்டி வைத்தார்கள். ஆனால் ஒருவர் வீட்டில் டைப்ரைட்டர் வைத்துக்கொள்ளத் தடை இருக்கவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் ஓர் இலக்கியம் முழுக்க வெளியே வந்தது.

மெல்லிய தாள்களை அடுக்கி, இடையிடையே கார்பன் வைத்து, உருளையில் ஏற்றி ஓங்கி அடிக்க வேண்டும். நான்கைந்து பிரதி வரும். மேலே இருப்பது தெளிவாக இருக்கும், கடைசித் தாள் மங்கிப்போய் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் எழுத்து தெரியும். கிழக்கு ஜெர்மனியில் செய்த எரிகா என்ற டைப்ரைட்டர் இதற்குப் பேர்போனது. எரிகா நான்கு பிரதி எடுக்கும், அது போதும் என்று பாடலாசிரியர் அலெக்சாந்தர் காலிச் தன் பாட்டில் வைத்ததை அந்தத் தலைமுறை ரஷ்யர்கள் இன்றும் சொல்வார்கள். பாட்டும் அச்சில் வந்ததல்ல. டேப்பில் பதிவாகி வீடு வீடாகப் போனது.

பிரதி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பல சமயம் ஒரே இரவுதான் கெடு. காலையில் அடுத்தவருக்குப் போக வேண்டும். சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் படித்து முடித்த தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளி, முழு நாவலையும் விடிவதற்குள் முடிப்பார்கள். டைப் அடிக்கத் தெரிந்தவர் படித்ததோடு நிற்காமல் இன்னும் நான்கு பிரதி அடித்துச் சேர்ப்பார். இப்படி ஒரு நாவல் மாஸ்கோவில் கிளம்பி எங்கெங்கோ போய்ச் சேரும். எழுதியவருக்கே எத்தனை பிரதி உலவுகிறது என்று தெரியாது.

அந்தக் காலத்து ஜோக் ஒன்று உண்டு. ஒரு பாட்டி இரவெல்லாம் உட்கார்ந்து டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "என் பேத்தி சமிஸ்தாத்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறாள். அதுதான்" என்கிறாளாம். தடை செய்தால் படிக்கும் ஆசை கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வெளிநாட்டில் அச்சாகி ரகசியமாகத் திரும்பி வந்தவற்றுக்குத் தமிஸ்தாத் என்று பெயர். "தம்" என்றால் அங்கே. போரிஸ் பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' அப்படித்தான் 1957-இல் முதலில் இத்தாலிய மொழியில் வந்தது. மறு வருடம் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், அதை அவர் மறுக்கும்படி செய்தார்கள். சொந்த நாட்டில் அந்த நாவல் அச்சேற 1988 வரை ஆனது.

முதலில் வந்தது அரசியல் அல்ல

சமிஸ்தாத் என்றதும் துண்டுப் பிரசுரம், கோரிக்கை மனு, ரகசிய அறிக்கை என்றுதான் மனதில் தோன்றும். அவையெல்லாம் அப்புறம் வந்தவை. ஸ்டாலின் 1953-இல் இறந்தபிறகு மக்கள் கையால் எழுதியும் டைப் அடித்தும் பரிமாறிக்கொள்ளத் தொடங்கியபோது முதலில் உலவியது கவிதை. அன்னா அக்மதோவா, ஓசிப் மாண்டல்ஷ்டாம், மரினா ஸ்வெத்தாயெவா, சுட்டுக்கொல்லப்பட்ட நிக்கொலாய் குமிலியோவ். 1958-இல் மாஸ்கோவில் கவிஞர் மாயகோவ்ஸ்கிக்குச் சிலை திறந்தார்கள். அதிகாரப்பூர்வ விழா முடிந்தும் இளைஞர்கள் கலையாமல் அங்கேயே நின்று கவிதை வாசித்தார்கள். பிறகு அது வழக்கமானது, பின்பு போலீஸ் தொல்லை, கைது. 1959-60இல் அலெக்சாந்தர் கின்ஸ்பர்க் டைப் அடித்து நடத்திய 'சிந்தாக்ஸிஸ்' முழுக்கக் கவிதை இதழ். மூன்று இதழ் வந்ததும் அவர் கைதானார்.

அரசியலில் ஆழ்ந்திருந்த ஒரு நாட்டில், ரகசியமாகப் படிக்கும் வாய்ப்பு கிடைத்ததும் மக்கள் தேடியது ஏன் கவிதையாக இருந்தது? இந்தக் கட்டுரையின் விஷயமே இதுதான். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட அரசியல் நம்மிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது நம் பேச்சை. என்ன நடக்கிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் வார்த்தைகள் போய்விடுகின்றன. செய்தியால் அதைத் திருப்பித் தர முடியாது, ஏனென்றால் செய்தி எழுதப்படுவதே அந்தக் கெட்டுப்போன பேச்சில்தான்.

வார்த்தை கெடுவது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். லிதியா சுகோவ்ஸ்கயா என்ற எழுத்தாளரின் கணவர் மத்வேய் பிரான்ஸ்டைன் திறமையான இயற்பியலாளர். 1937 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள். விசாரிக்கப் போன மனைவிக்குக் கிடைத்த பதில்: கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டு. கேட்பவர் என்ன நினைப்பார்? எங்கோ முகாமில் இருக்கிறார், கடிதம்தான் போட முடியாது, பத்து வருடம் காத்திருக்கலாம். உண்மையில் அந்தச் சொற்றொடருக்குச் சுட்டுவிட்டோம் என்றுதான் பொருள். 1938 பிப்ரவரியிலேயே பிரான்ஸ்டைனைக் கொன்றிருந்தார்கள். வயது 31. 1937, 38 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோவியத் ரகசியப் போலீஸின் சொந்தக் கணக்குப்படியே சுமார் 6,80,000 பேர் சுடப்பட்டார்கள். இதே வாசகத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பத்து வருடம் காத்திருந்தன.

வரிசையில் நின்ற பெண்கள்

அன்னா அக்மதோவாவின் மகன் லெவ் குமிலியோவ் பலமுறை கைதானவர். 1938-இல் கைதானபோது லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) சிறை வாசலில் அக்மதோவா பதினேழு மாதம் வரிசையில் நின்றார். கைதிக்குக் கொண்டுபோன பார்சலை வாங்கிக்கொண்டால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். வாங்க மறுத்தால் வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள், அல்லது அதைவிட மோசம். வரிசையில் எல்லாரும் காதோடு காதாகத்தான் பேசுவார்களாம். குளிரில் உதடு நீலம் பாரித்துப்போன ஒரு பெண், பின்னால் நின்றவர், கவிஞர் என்று யாரோ சொல்லக் கேட்டு அக்மதோவாவிடம் மெல்லக் கேட்டார்: "இதை உங்களால் எழுத முடியுமா?" அக்மதோவா "முடியும்" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தில் புன்னகை மாதிரி ஒன்று வந்துபோனது என்கிறார். 'ரெக்வியம்' என்ற கவிதைத் தொடருக்கு 1957-இல் எழுதிய முன்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் மகனை மீட்டுத் தர முடியுமா என்று அவர் கேட்கவில்லை. இது எப்போது முடியும் என்றும் கேட்கவில்லை. மேலதிகாரியைத் தெரியுமா என்று கேட்பதுதான் அந்த வரிசையில் இயல்பான கேள்வி. அவர் கேட்டது, நடப்பதைச் சொல்லிவிட முடியுமா என்று. இலக்கியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டுவது இந்தக் கேள்வியைத்தான்.

எழுதுவதாக ஒப்புக்கொண்டாயிற்று, தாளில் வைத்திருக்க முடியாது. வீட்டில் ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயம் வேறு. சுகோவ்ஸ்கயா வந்து உட்காரும்போது, அக்மதோவா கூரையையும் சுவரையும் கண்ணால் காட்டிவிட்டு, தேநீர் வேண்டுமா என்று உரக்கக் கேட்டபடியே ஒரு துண்டுத் தாளில் வேகமாகச் சில வரிகள் எழுதி நீட்டுவார். சுகோவ்ஸ்கயா வாசித்து மனப்பாடம் செய்துகொண்டு திருப்பித் தருவார். "இந்த வருடம் இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துவிட்டது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அக்மதோவா தீக்குச்சியைக் கிழித்துத் தாளைச் சாம்பல் கிண்ணத்துக்கு மேல் எரிப்பார். இப்படி நம்பிக்கையான சில நண்பர்களின் தலைக்குள்தான் அந்தக் கவிதை ஆண்டுக்கணக்கில் இருந்தது. 1963-இல் மியூனிக்கில் அச்சானது, சோவியத்தில் 1987-இல்தான்.

மாண்டல்ஷ்டாம் கதை இன்னும் கொடூரம். 1933-இல் ஸ்டாலினைப் பற்றிக் காரமாக ஒரு சிறு கவிதை செய்து நண்பர்கள் சிலருக்குச் சொல்லிக்காட்டினார். யாரோ போட்டுக்கொடுத்தார்கள். கைது, நாட்டுக்குள்ளேயே தொலைவூருக்குக் கடத்தல், மறுபடி கைது. 1938 டிசம்பரில் விளாடிவஸ்டாக் அருகே ஓர் இடைத்தங்கல் முகாமில் இறந்தார். அவர் மனைவி நதேஷ்தா அவருடைய கவிதைகளை மனப்பாடமாக வைத்திருந்தார். ஸ்த்ரூனினோ என்ற ஊரில் நூல் ஆலையில் இரவு ஷிப்டு பார்த்தபோது, இயந்திரங்களுக்கு நடுவே ஓடி ஓடி வேலை செய்துகொண்டே வரிகளை முணுமுணுத்து மறக்காமல் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறார். மனைவி ஒருவர் கணவரின் முழுத் தொகுப்பாக இருபது வருடத்துக்கு மேல் நடமாடினார் என்று சொன்னால் மிகையில்லை.

பொய் உள்ளே எப்படி நுழைகிறது

இப்போது ஒரு கதை. சுகோவ்ஸ்கயா 1939-40 குளிர்காலத்தில், நடந்துகொண்டிருக்கும்போதே, பள்ளி நோட்டு ஒன்றில் எழுதிய குறுநாவல் 'சோஃபியா பெத்ரோவ்னா'. பிற்காலத்தில் யோசித்து எழுதிய நினைவுக்குறிப்பு அல்ல என்பதே அதன் பெரிய மதிப்பு.

சோஃபியா ஒரு விதவை. லெனின்கிராட் பதிப்பகம் ஒன்றில் டைப்பிஸ்டுகளுக்குத் தலைவி. வேலையில் கறார், அரசை மனதார நம்புபவள். மகன் கோல்யா கெட்டிக்கார இன்ஜினியர், பத்திரிகையில் படமே வந்திருக்கிறது. ஒரு நாள் அவனைக் கைது செய்துவிடுகிறார்கள். அம்மா வரிசைக்குப் போகிறாள். அங்கே நூற்றுக்கணக்கான பெண்கள். அவர்களைப் பார்த்து அவள் நினைப்பது என்ன தெரியுமா? இவர்களெல்லாம் உளவாளிகளின் மனைவிகள், சதிகாரர்களின் தாய்கள். பாவம், என் கோல்யா விஷயத்தில் மட்டும் ஏதோ தவறு நடந்துவிட்டது. அவர்களோடு ஒட்டிக்கொள்ளாமல் ஒதுங்கியே நிற்கிறாள்.

அவளுடைய அலுவலகத்தில் நத்தாஷா என்ற டைப்பிஸ்ட் 'செஞ்சேனை' என்று அடிக்கவேண்டிய இடத்தில் ஓர் எழுத்து தவறி 'எலிச்சேனை' என்று அடித்துவிடுகிறாள். ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் அவ்வளவு நெருக்கம். வேலை போகிறது. சோஃபியா அவளுக்காக நியாயம் பேசப்போய் தன் வேலையையும் இழக்கிறாள். கடைசியில் மகனிடமிருந்து ரகசியமாக ஒரு கடிதம் வந்து சேர்கிறது. விசாரணையில் அடித்தார்கள், அம்மா, சீக்கிரம் ஏதாவது செய் என்று எழுதியிருக்கிறான். அந்தக் கடிதத்தை அவள் எரித்துவிடுகிறாள்.

சோஃபியாவைக் கெட்டவள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் பயமுறுத்துகிறது. எத்தனை பேர் கைதானார்கள் என்ற எண்ணிக்கையை வரலாற்று நூலில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நல்ல மனுஷி தன் சொந்த மகனைவிட அரசின் பேச்சை நம்பக் கடைசிவரை எப்படி முயன்று பார்ப்பாள், எந்த இடத்தில் அவள் மனம் முறியும் என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதை உள்ளேயிருந்து காட்ட ஒரு கதை தேவைப்பட்டது. படிக்கிறபோது இரண்டாவது அத்தியாயத்திலேயே சோஃபியாவின் மீது நமக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் தள்ளிப்போனதும், செய்தியில் யாரோ கைது என்று பார்த்தவுடன் "நெருப்பில்லாமல் புகையுமா" என்று நாம் சொன்ன நாட்கள் ஞாபகம் வரத் தொடங்குகின்றன.

அந்த நோட்டின் கதையும் சொல்ல வேண்டும். சுகோவ்ஸ்கயா அதை ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். லெனின்கிராட் முற்றுகையில் அந்த நண்பர் இறந்துபோனார், இறப்பதற்கு முன் சகோதரியிடம் நோட்டைக் கொடுத்துவைத்தார். 1960களின் தொடக்கத்தில், கொஞ்சம் இளகிய காலத்தில், ஓர் அரசுப் பதிப்பகம் கதையை வெளியிட ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. சுகோவ்ஸ்கயா சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். நீதிமன்றம் பேசிய தொகை முழுவதையும் கொடுக்கச் சொன்னது! புத்தகம் வராது, ஆனால் பணம் வரும். சோவியத் நீதியின் இந்த வினோதத்தை என்னால் சிரிக்காமல் நினைக்க முடிவதில்லை. 1965-இல் பாரிஸில் நூல் வந்தது, லெனின்கிராடில் 1988-இல்.

அளந்து பார்க்க ஒரு கோல்

படிப்பதால் வேறொன்றும் நடக்கிறது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மன் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தன. பட்டினியில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அந்த நகரத்தில் படிக்கத் தெம்பிருந்தவர்கள் 'போரும் அமைதியும்' நாவலை ஆவலோடு படித்தார்கள் என்று எழுதுகிறார் லிதியா கின்ஸ்பர்க். இலக்கிய ஆய்வாளர், முற்றுகைக்குள் இருந்தவர். ஏன் படித்தார்கள்? டால்ஸ்டாய் சரியாக எழுதியிருக்கிறாரா என்று சோதிக்க அல்ல. டால்ஸ்டாய் சொன்னது சரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தாங்கள் சரியாக நடந்துகொள்கிறோமா என்று பார்க்கப் படித்தார்கள். எனக்குள் இருப்பது பயமா, இந்தப் பயம் மற்றவர்களுக்கும் வருவதுதானா, இதோடு ஒருவர் கௌரவமாக இருக்க முடியுமா என்று.

துன்பத்தை மறக்கத்தான் கதை படிக்கிறோம் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. மறக்கப் படிப்பதிலும் தப்பில்லை, நானும் படிப்பேன். ஆனால் லெனின்கிராட்வாசிகள் குண்டு விழும் நகரத்தில் உட்கார்ந்து போரைப் பற்றிய நாவலைத்தான் எடுத்தார்கள். தப்பித்து ஓடுவதாக இருந்தால் வேறு ஏதாவது எடுத்திருக்கலாமே.

யெவ்கேனியா கின்ஸ்பர்க் (லிதியா கின்ஸ்பர்க்குக்கு உறவில்லை) 1937-இல் கைதாகி, பின்னர் சரக்கு ரயில் பெட்டியில் பெண் கைதிகளோடு கிழக்கே கோலிமா முகாம்களை நோக்கிக் கொண்டுசெல்லப்பட்டார். வழியில் மற்றவர்களுக்குக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காவலர்களுக்குச் சந்தேகம், பெட்டிக்குள் புத்தகம் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று. புத்தகமே இல்லை என்றதும் நம்பாமல், அப்படியானால் நிறுத்தாமல் சொல், பார்க்கலாம் என்றார்கள். அவர் கவிஞர் புஷ்கினின் 'யெவ்கேனி அனேகின்' காவியத்தைச் சொல்லத் தொடங்கினார், சொல்லிக்கொண்டே போனார். காவலரே கடைசியில் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். சோதனை போட்டு எடுத்துப்போக முடியாத ஒரே உடைமை அதுதான்.

கவிதையிலிருந்து செய்திக்கு

1964-இல் லெனின்கிராடில் ஜோசப் பிராட்ஸ்கி என்ற 23 வயது கவிஞர் மேல் வழக்கு. குற்றம்: வேலைவெட்டி இல்லாமல் சமூகத்தைச் சுரண்டுவது. நீதிபதி, உங்களைக் கவிஞர் என்று யார் அங்கீகரித்தது என்று கேட்டார். "யாருமில்லை. என்னை மனித இனத்தில் சேர்த்தது யார்?" என்றார் பிராட்ஸ்கி. ஐந்து வருடம் வடக்கே நாடுகடத்தி உடலுழைப்பு என்று தீர்ப்பு, ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டார்கள். 1987-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்பது தனிக் கதை. இங்கே முக்கியம், ஃப்ரிதா விக்தோரவா என்ற பத்திரிகையாளர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, தடுக்கத் தடுக்க, கேள்வி பதிலைக் குறிப்பெடுத்தார். அது டைப் அடிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. ஒரு கவிஞரின் வழக்குப் பதிவை இலக்கியம் மாதிரியே மக்கள் படித்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1968 ஏப்ரலில், 'நடப்பு நிகழ்வுகளின் வரலாறு' என்ற டைப் அடித்த இதழ் தொடங்கியது. எங்கே யார் கைது, என்ன பிரிவு, எந்த முகாம், வீட்டுச் சோதனையில் என்னென்ன பறிமுதல் என்று உணர்ச்சி கலக்காமல் எழுதிய இதழ். முதல் ஆசிரியர் நதால்யா கர்பனேவ்ஸ்கயா. அவர் ஒரு கவிஞர். அதே ஆண்டு ஆகஸ்டில், செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்ததை எதிர்த்துச் செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்த சிலரில் அவரும் ஒருவர், கைக்குழந்தையோடு. பிறகு மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். இதழ் கை மாறி மாறி 1980களின் தொடக்கம் வரை வந்தது. பத்து வருடமாகக் கவிதையைக் கை மாற்றிய வலைதான் பின்பு உண்மைச் செய்தியையும் கை மாற்றியது. யாரை நம்பலாம் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டைப் அடிக்கும் பழக்கம் வந்திருந்தது. கெட்டுப்போகாத வாக்கியம் எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருந்தது.

இலக்கியம் மருந்தல்ல

இவ்வளவும் சொன்னபிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். ஸ்டாலின் நிறையப் படித்தவர். இளமையில் ஜார்ஜிய மொழியில் கவிதை எழுதி வெளியிட்டவர். மாண்டல்ஷ்டாம் கைதானபோது பாஸ்டர்நாக்குக்குத் தானே போன் செய்து, அவர் பெரிய கவிஞர்தானா என்று விசாரித்தவர். படிப்பு அவரை என்ன செய்தது? 1958-இல் பாஸ்டர்நாக்கை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கக் கை தூக்கியவர்களும் எழுத்தாளர்களே. அந்தக் கூட்டங்களின் சாரம் என்று ரஷ்யர்கள் இன்றும் கிண்டலாகச் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "நான் படிக்கவில்லை, ஆனால் கண்டிக்கிறேன்." நம் ஃபேஸ்புக் சண்டைகள் பாதிக்கு இதையே தலைப்பாக வைக்கலாம்.

ஆக, நாவல் படித்தால் நல்லவராகிவிடுவோம் என்ற வாக்குறுதியை யாரும் தர முடியாது. அடக்குமுறையை நிறுத்தும் சக்தியும் அதற்கில்லை. வசிலி குரோஸ்மன் எழுதிய 'வாழ்வும் விதியும்' நாவலை 1961 பிப்ரவரியில் ரகசியப் போலீஸான கேஜிபி வந்து எடுத்துப்போனது. கையெழுத்துப் பிரதியோடு நிற்காமல் கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன் வரை. இருநூறு முந்நூறு வருடத்துக்கு இது அச்சாகாது என்று கட்சித் தலைமை அவரிடம் சொன்னது. மூன்றே வருடத்தில், அச்சில் பார்க்காமலேயே குரோஸ்மன் இறந்தார். நண்பர்களிடம் ஒளித்துவைத்த பிரதி மைக்ரோஃபிலிமாக வெளியே போய் 1980-இல் ஸ்விட்சர்லாந்தில் நூலானது. இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியவருக்கு என்ன கிடைத்தது?

நம் அலமாரியில் இருந்த பாதி

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தப் பங்கு உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே நூல்கள் அச்சிட்டு அனுப்பின. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் கெட்டி அட்டை, நல்ல தாள், நம்ப முடியாத மலிவு விலை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றோரின் மொழிபெயர்ப்பில் டால்ஸ்டாயும் செகாவும் ஐத்மாத்தவும் சின்னச் சின்ன ஊர்களின் நூலகங்கள் வரை வந்து சேர்ந்தார்கள். அவை நல்ல புத்தகங்கள். ஒரு தலைமுறையே அவற்றால் வாசகர்களானது, அந்த நன்றியில் குறை வைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே வருடங்களில், அந்தப் பதிப்பகங்கள் இருந்த அதே நகரத்தில், அக்மதோவாவின் 'ரெக்வியம்' கார்பன் தாளில்தான் உலவியது. நமக்கு வந்தது அலமாரியின் பாதி. மறுபாதியை 1980களின் கடைசியில்தான் ரஷ்யர்களே சட்டப்படி படிக்க முடிந்தது. எந்த நாட்டு இலக்கியமானாலும், அந்த நாட்டு அரசு தேர்ந்தெடுத்து அனுப்பும் பார்சலை வைத்து மட்டும் மதிப்பிட்டால் இப்படித்தான் ஆகும். இது சோவியத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல.

எங்கே தொடங்கலாம்?

'ரெக்வியம்' சில பக்கம்தான், ஒரே மூச்சில் முடியும். முன்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அதுதான் வாசல். அடுத்து 'சோஃபியா பெத்ரோவ்னா', ஓர் ஞாயிற்றுக்கிழமைக்கான அளவு. அதன்பின் நதேஷ்தா மாண்டல்ஷ்டாமின் நினைவுக்குறிப்புகளை எடுக்கலாம். அவருக்கு நாக்கு கொஞ்சம் காரம், யாரையும் விட்டுவைக்கமாட்டார், எனக்கு அதனாலேயே பிடிக்கும். குரோஸ்மனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூறு பக்கத்துக்கு மேல், ஏகப்பட்ட கதாபாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். ராபர்ட் சாண்ட்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கதைமாந்தர் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு விரலை வைத்துக்கொண்டே முதல் நூறு பக்கத்தைக் கடந்துவிட்டால், அப்புறம் பட்டியல் தேவைப்படாது.